அஞ்சு வருஷமும் கை தூக்கியவன்

பாளையங்கோட்டை

பிரிய ஜெபராஜ்,

ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் பேச்சு எந்த மட்டில் நிற்கிறது? மகன் சொல்வதைக் கேள், நாட்டு மருந்தை நம்பிக்கொண்டிருக்காதே. இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

நம் சேகரத்துச் சபைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ஐயர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வருகிற மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, அதான் நம் வி.பி.எஸ்.சுக்கு, பணம் ஒதுக்கும் முன்னால், இத்தனை வருஷம் நடத்தியதில் பிள்ளைகளிடம் என்ன நின்றது என்று எழுதித் தரவேண்டுமாம். கமிட்டியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி படுத்து யோசித்தால், கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். வந்த பிள்ளைகள் இத்தனை, ஒப்பித்த வசனங்கள் இத்தனை, கடைசி நாளில் ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் இத்தனை. கண்ணை மூடிக் கை தூக்கச் சொல்வோமே, நீ எண்ணுவாயே, அந்தக் கணக்கு. கிணற்றடி வீட்டுப் பையன் அஞ்சு வருஷமும் கை தூக்கினான். நாமும் கூசாமல் அஞ்சு ஆத்துமா என்று எழுதி அனுப்பினோம். ஏன்டா வருஷா வருஷம் தூக்குகிறாய் என்று கேட்டதற்கு, "போன வருஷம் தூக்குனது போயிருக்குமோன்னு பயம் சார்" என்றான். அன்றைக்கு நாம் சிரித்தோம்.

சரி, நம் 1996 வி.பி.எஸ். இன்டர்மீடியட் வகுப்புப் பதிவேடு என்னிடம் இருக்கிறது, ஓரத்தைக் கரையான் தின்றது போக. 23 பெயர். போனில் 14 பேரைப் பிடித்தேன். அந்த வருஷத் தலைப்பு ஒருவருக்கும் நினைவில்லை. நாம் ராத்திரி உட்கார்ந்து தெர்மாகோலில் செய்த பேழையையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆக்‌ஷன் பாட்டு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. குவைத்தில் நர்ஸாக இருப்பவள் போனிலேயே பாடிக் காட்டினாள். 23ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தால் யாரும் தடுமாறவில்லை. ஆனால் அதை நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று சொல்ல முடியுமா? எட்டுப் பேர் ஒழுங்காக ஆலயத்துக்குப் போகிறார்கள். அதில் ஆறு பேர் வீட்டில் அந்தக் காலத்திலேயே ராத்திரி தவறாமல் குடும்ப ஜெபம் நடக்கும். அப்படியானால் அது நம் உழைப்பா, அவர்கள் அம்மாமார் உழைப்பா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மீதி ரெண்டு பேர்தான் என்னை யோசிக்க வைத்தார்கள். அந்த வீடுகளில் பைபிளே கிடையாது. அதில் ஒருவன் பாடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "எனக்கு டைபாய்டு வந்தப்போ நீங்க ரெண்டு பேரும் ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்தீங்க, பாயில உக்காந்து ஜெபம் பண்ணுனீங்க" என்றான். எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா? ரெண்டு பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்பாய், கணக்கு வாத்தியார் புத்தி அப்படித்தான். இருந்தாலும் ஐயருக்கு முதலில் இதைத்தான் எழுதப் போகிறேன். டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் போகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, மிச்ச மாதங்களில் வாத்தியார்கள் வீடு வீடாகப் போய்வர பெட்ரோலுக்குக் கொடுங்கள் என்று.

கை எண்ணுகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் குளோஸ்டரில் 1780இல் ஓய்வுநாள் பள்ளி தொடங்கிய ராபர்ட் ரைக்ஸ் சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர். வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நினைத்திருந்தால் அடுத்த வாரமே பெருமை அடித்திருக்கலாம். 1783இல்தான் தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். நாம் பத்து நாள் வி.பி.எஸ். முடிந்து பதினோராம் நாளே ஆத்துமாக் கணக்கு அனுப்பினோம். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிடும் திடப்படுத்தல் முடிந்து மூன்று வருஷம் கழித்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தாலாவது ஏதோ தெரியவரும். விசாரிக்க நம்மிடம் ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம், கிணற்றடிப் பையனை நேரில் பார்த்தேன். வண்ணார்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். ஆலயத்துக்கு எப்போதாவதுதான் வருகிறான். மகளை மட்டும் வி.பி.எஸ்.சுக்கு அனுப்புகிறான். "அனுப்புறேன் சார், ஆனா அந்த நரகத்துப் படத்தைக் காட்டிராதீங்க. எனக்கு ரொம்ப நாள் தூக்கம் வரல" என்றான். ஜெபராஜ், நின்றது இதுவும்தானே. அறிக்கையில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

உன் பழைய டைரியில் விட்டுப்போன ஒன்பது பேரில் யாருடைய விலாசமாவது இருந்தால் அனுப்பு. அந்த நரகத்துப் பாடத்தை எடுத்தது நான்தான், நீ இல்லை. அவனிடம் அதைச் சொன்னேன். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வர ஆள் அனுப்பினான்.

ஞாயிறு மத்தியானம் போன் பண்ணு.

அன்புடன்,
சாமுவேல்