மேலூர் மாப்பிள்ளைக்கு: கழுத்து வலியும் கைப்பக்குவமும்

திருநகர், மதுரை
புரட்டாசிக் கடைசி

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்தது. தீபாவளி ஜாக்கெட் மலையாகக் குவிந்து கிடக்கிறது, கழுத்து பிடித்துக்கொண்டது, வாசலில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். சலூனில் கழுத்தை முறித்துக்கொள்ளலாமா, வீட்டிலேயே எப்படிப் பிடித்துவிடுவது என்றும் கேட்டிருந்தாய். இங்கேயும் அதே பாடுதான். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் ராத்திரி வரை குனிந்த தலை நிமிராமல் தைக்கிறார்கள்.

நீ கேட்டதில் அவசரமானதற்கு முதலில் பதில். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்துச் சடக்கென்று திருப்புகிறார்களே, அதற்குக் கழுத்தைக் கொடுக்காதே. சத்தம் கேட்டால் விலகின எலும்பு சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் காற்றுக் குமிழி உண்டாகிற சத்தம், அவ்வளவுதான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக மேலே ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் வந்தால் ஈடுகட்ட முடியாது. கழுத்தைப் பிடித்துவிடலாம், நீவலாம், முறிக்கக் கூடாது.

இனி, வலி எங்கிருந்து வருகிறது என்று பார். தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் கழுத்துக்கு அது பெரிய பாரமில்லை. 45 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்குவது ஏறக்குறைய 22 கிலோ என்று 2014-ல் வெளியான ஒரு கணிப்பொறிக் கணக்கு சொல்கிறது. காஜா எடுக்கும்போதும் ஹெம்மிங் போடும்போதும் நீ அதற்குக் குறையாமல் குனிகிறாய். இரண்டு கையும் முன்னால் நீண்டு, தோள் முன்பக்கம் சுருண்டிருக்கிறது. மார்புத் தசை குறுகிப் போகிறது. பிடரியும் தோள்பட்டையும் இழுத்துக் கட்டின கயிறு மாதிரி நாளெல்லாம் விறைத்து நிற்கின்றன. நோவது பின்னால், இழுப்பது முன்னால். பின்பக்கத்தை மட்டும் அமுக்கினால் நாலு நாளில் வலி திரும்புவதற்கு இதுதான் காரணம்.

உன் வீட்டில் தங்கச்சியிடம் இந்த இடத்திலிருந்து படித்துக் காட்டு. அவள் கைதான் வேலை செய்யப் போகிறது.

உன்னை மேஜையைப் பார்த்து உட்கார வைக்கட்டும். மேஜைமேல் இரண்டு தலையணை, அதன்மேல் மடித்த கைகள், கைமேல் நெற்றி. பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டுச் சும்மா நாற்காலியில் உட்கார்ந்தால் தலையைத் தாங்குவதற்காகக் கழுத்துத் தசை இறுகியே இருக்கும். இறுகின தசையோடு மல்லுக்கட்டி அவள் கை வலிப்பதுதான் மிச்சம்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டாலோ, சட்டியில் வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்தோ பத்து நிமிஷம் ஒத்தடம். உனக்குச் சுகர் இருப்பதால் சூடு தோலில் சரியாக உறைக்காமல் போகலாம், அவள் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வைக்கட்டும். பிறகு நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி. கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடு பண்ணினால் போதும், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். எண்ணெய் அதிகமானால் கை வழுக்கித் தசை பிடிபடாது. எரியும் தைலம், களிம்பு தடவின தோலில் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூடும் களிம்பும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளிக்கும்.

முதல் இரண்டு நிமிஷம் நீவல் மட்டும். மண்டையோட்டின் அடியிலிருந்து கழுத்தின் இரு பக்கமாக இறங்கி, தோள் முனை வரைக்கும் உள்ளங்கை முழுதும் பட வேண்டும். இங்கே அழுத்தம் தேவையில்லை, தோலும் தசையும் கைக்குப் பழகட்டும்.

அடுத்தது பிசைதல். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் மொத்தமாக ஒரு தசை கைக்கு அகப்படும். கட்டைவிரலின் அடிச்சதை பின்னால், நாலு விரலும் மேலே. பிடித்து, லேசாகத் தூக்கி, மூன்று விநாடி வைத்திருந்து, மெதுவாக விட வேண்டும். கழுத்தோரத்திலிருந்து தோள் முனைக்குப் போக ஐந்தாறு பிடி. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம். விரல் நுனியால் கிள்ளினால் தோல்தான் எரியும். விரல்கள் முன்பக்கம் இறங்கி, கழுத்தடியில் குறுக்காக ஓடும் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் போய் அமுக்கக் கூடாது, கைக்குப் போகும் நரம்புகள் அங்கே ஓடுகின்றன. விரல் மரத்தாலோ ஷாக் அடித்த மாதிரி இருந்தாலோ இடம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது இடத்தை யாரும் சரியாகப் பிடிப்பதில்லை. முதுகில் சப்பை எலும்பின், அதாவது தோளுக்குப் பின்னால் தட்டையாக இருக்கும் எலும்பின், மேல் உள்மூலை. உன்னைத் தோளை உயர்த்தச் சொல்லித் தடவினால் அது விரலுக்குத் தட்டுப்படும். கழுத்தின் மேல் நான்கு எலும்பிலிருந்து இறங்கி வரும் ஒரு தசை அந்த மூலையில்தான் முடிகிறது. கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால். கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தட்டும். பத்துக்கு எத்தனை வலி என்று நீ சொல். ஐந்து, ஆறு என்றால் அதே அழுத்தத்தில் அப்படியே நிற்க வேண்டும். தேய்க்க வேண்டாம், ஆட்ட வேண்டாம். அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் வலி இரண்டு, மூன்றுக்கு இறங்கும். ஒன்றரை நிமிஷமாகியும் இறங்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த இடம். எட்டு, ஒன்பது என்று நீ பல்லைக் கடித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். நன்றாக வலித்தால்தான் முடிச்சு அவிழும் என்று சுளுக்கு வழிக்கிறவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறுத்து நிற்கிற கைக்குத்தான் தசை இளகுகிறது. தங்கச்சியின் கட்டைவிரல் கெடாமலிருக்க, மற்ற கட்டைவிரலை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பைச் சாய்த்து அழுத்தட்டும்.

முதுகெலும்பின் மேல் கை வைக்கவே வேண்டாம். இரு பக்கமும் இரண்டு விரல் தள்ளி, சின்னச் சின்ன வட்டமாகக் கீழிருந்து மேலே போகட்டும். மண்டையோட்டின் அடியில் இருபுறமும் சிறு பள்ளம் வரும். ஒரு கை நெற்றியைத் தாங்க, மறு கையின் கட்டைவிரலும் நடுவிரலும் அந்தப் பள்ளங்களில் நின்று, கண்ணைப் பார்த்து அழுத்துகிற மாதிரி மேல்நோக்கி இருபது விநாடி. நெற்றிப்பொட்டுக்கோ கண்ணுக்குப் பின்னாலோ வலி பரவினால் பயப்படாதே, சாயங்காலத்தில் உனக்கு வரும் தலைவலி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கடைசியில் நிமிர்ந்து உட்கார். காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே, தோள் பக்கமாக மார்புத் தசையை விரல் முட்டியால் நீயே லேசாக உருவிவிடு. பிறகு நிலைக்கதவில் இரண்டு முழங்கையையும் ஊன்றி ஒரு காலை முன்வைத்துச் சாய். முப்பது விநாடி, மூன்று தடவை. கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளையை ஒட்டிக் கை போகவே கூடாது. நாடி துடிக்கிற இடத்தை அமுக்கினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும்.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம், வாரத்துக்கு மூன்று நாள். மறுநாள் கொஞ்சம் கன்றின மாதிரி இருந்து இரண்டு நாளில் போய்விட்டால் சரி. கன்றி நீலம் பாய்ந்தால் அழுத்தம் அதிகம், பாதியாகக் குறைக்கச் சொல். உங்கள் அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா, அவருக்கு நீவல் மட்டும் போதும்.

வர்மம் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு முன், நான் எழுதியது எது என்று சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், கையால் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் ஒன்பது வகை. நான் எழுதியதில் பிடித்தலும் அழுத்தலும்தான் அதிகம். வர்மம் என்பது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகள். அவை 108 என்றும், அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12 என்றும் சொல்வார்கள். அது ஆசானிடம் இருந்து பழகின கைக்கு உரியது. எழுதிக் கொடுத்து நீங்கள் செய்து பார்க்கிற விஷயமில்லை, அதனால் ஒரு புள்ளியைக்கூட எழுதவில்லை.

கையில் மரத்துப்போதல், கத்தரிக்கோல் பிடி நழுவுதல், நடை தள்ளாடுதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்த பிறகு வந்த வலி, இதில் எது இருந்தாலும் எண்ணெயைத் தொடாமல் பெரியாஸ்பத்திரிக்கு வா. இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், அது கழுத்துப் பிடிப்பு இல்லை. உடனே 108-ஐக் கூப்பிடு.

கடையில் தனியாக இருக்கும்போது டென்னிஸ் பந்து ஒன்றைச் சுவருக்கும் சப்பை மூலைக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து நில், முன்னே சொன்ன ஐந்து, ஆறு வலிக் கணக்குதான். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னுக்குப் பத்துச் சுற்று. தாடையை உள்ளே இழுத்து ஐந்து விநாடி, பத்து முறை. ஹெம்மிங் போடும்போது மடியில் தலையணை வைத்துத் துணியைக் கண்ணருகே உயர்த்து. கண் துணியைத் தேடிப் போனால் கழுத்தும் கூடவே போகும். அந்தப் பழைய முக்காலியும் தாழ்வோ என்று எனக்குச் சந்தேகம். உட்கார்ந்தால் முழங்கை மிஷின் பலகைக்குச் சமமாக வர வேண்டும். உட்காரும் பலகையின் உயரம், மிஷின் மேஜையின் உயரம், உட்கார்ந்தபடி தரையிலிருந்து உன் முழங்கை, மூன்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. எத்தனை இஞ்ச் கட்டை கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள