மூன்று பல்புகளும் ஒரு சுவிட்சும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் மாட்டிக்கொண்டேன். உன் மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

பட்டம் வாங்கித் தொழிற்சாலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் முனையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, நீங்களெல்லாம் என்னதான் நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். கோபம் வந்தது. கேட்டது நியாயம்தான் என்று தோன்றியபோது இன்னும் கூடியது.

முதலாண்டு வகுப்பில் இரண்டு கண்ணிகள் (மூடிய வளையங்கள்) கொண்ட ஒரு மின்சுற்றைக் கொடுத்து, 2 ஓம் மின்தடையில் பாயும் மின்னோட்டத்தைக் கேட்டேன். மின்சுற்றைக் கணக்கிட உதவும் கிர்க்காஃப் விதியை எழுதி மளமளவென்று விடை கண்டார்கள். அடுத்து, ஒரே மாதிரியான மூன்று பல்புகளை 12 வோல்ட் பேட்டரியோடு தொடராக வரைந்து, மூன்றாவது பல்பின் இரு முனைகளையும் ஒரு சுவிட்சால் இணைத்தேன். சுவிட்சைப் போட்டால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? வகுப்பே விழித்தது. "தொடர் இணைப்பில் ஒன்று அணைந்தால் எல்லாம் அணைந்துவிடும் சார்" என்றான், எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன். தலைக்கு 4 வோல்ட் பங்கிட்டுக்கொண்டிருந்த பல்புகளில், மின்னோட்டம் சுவிட்ச் வழியாகவே போய்விடுவதால் மூன்றாவது அணைந்துபோக, மீதி இரண்டும் ஆளுக்கு 6 வோல்ட் பெற்றுப் பளிச்சென்று எரியும். இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. இதற்குச் சமன்பாடே வேண்டாம்!

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர். அவர் மாணவர்களிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இந்தப் பல்புக் கேள்விதான். 1991-இல் விரிவுரையைச் சுருக்கிக்கொண்டார். கேள்வி போடுவார், ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும்.

நானும் அப்படியே இறங்கினேன். ஒரே சந்தை இரைச்சல். பக்கத்து அறைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் தொடருக்கும் பக்க இணைப்புக்கும் அவர்கள் சண்டை போட்டதைக் கேட்டபோது, யாருக்கு எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்பது முதல்முறையாக என் காதில் விழுந்தது. என் கரும்பலகை எழுத்தை நீ எவ்வளவு புகழ்ந்திருக்கிறாய்! அந்த அழகின் மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம். நான் தடங்கலின்றி எழுதி முடித்ததை, அவர்களுக்கும் புரிந்துவிட்டதாக இரு தரப்புமே எடுத்துக்கொண்டிருந்தோம்.

பருவ முடிவில் மாணவர்கள் கருத்து எழுதினார்கள்: "சார் நடத்துவதே இல்லை, எங்களையே பேச விடுகிறார்." மனம் கசந்தது. பிறகுதான் அதே ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்த்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்களாம். இதைத் துறைத்தலைவரிடம் காட்டி என்ன பயன்? அவர் கேட்பது ஐந்து அலகையும் முடித்தாயா என்று. நான்கரைதான் முடிந்தது.

உன் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கான்டாக்டர்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) நான்கைந்து இருந்தால் அனுப்பிவை. கழற்றிப் பார்க்கட்டும். பார்சல் கூலி என் கணக்கு.

உன்,
பழைய அறைத்தோழன்