கிறிஸ்துமஸ் கேக்கும் மப்ளரும்: ஞாயிறு கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் குளிர் ஏறிவிட்டது, கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டது. வீட்டு ஆட்களுக்குக் கேக்கும் மப்ளரும் நம் கையாலேயே செய்யலாம் என்று போன மாதம் பேசினோமே, அதற்காக டிசம்பர் 7 ஞாயிறு மதியம் 3 மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் கூடுகிறோம்.

1. உலர்திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி இன்றே ரம்மில் ஊறப் போடுங்கள். ரம் வேண்டாதவர்கள் திராட்சைச் சாறில் போடலாம், ஆனால் பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

2. சர்க்கரை கருக்குவதை நான் காட்டுகிறேன். போன வருடம் கொஞ்சம் அசந்த நேரத்தில் கறுத்துக் கசந்து, வீட்டில் ஒருவரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றும்போது தெறிக்கும், அதனால் பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

3. கேக் சுட ஓவன் இல்லையா? குக்கர் போதும். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் அடியில் உப்பு பரப்பிச் சின்னத் தீயில் வைக்க வேண்டும்.

4. பின்னுகிறவர்கள் 4 மி.மீ. ஊசியும் கம்பளி நூலும் கொண்டு வாருங்கள். புதியவர்கள் 36 கண்ணி போட்டு மப்ளர் பின்னினால் போதும். ஸ்வெட்டர் ஆசை இப்போது வேண்டாம், முடியாது.

கேக்கா, பின்னலா, இரண்டுமா என்று வெள்ளிக்குள் பெயருடன் இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது, சரியா?