‘கைண்ட்’ இரண்டு சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ‘கைண்ட்’ என்பதை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு ‘வகை’, மற்றதற்கு ‘அன்பான’ என்று பொருள் போட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை, மனப்பாடம் செய்க என்று அச்சிட்டிருந்தீர்கள். மட்டையையும் வௌவாலையும் குறிக்கும் ‘பேட்’ என்ற சொல்லுக்கு அந்த யோசனை சரி. ‘கைண்ட்’ அப்படியல்ல, அது ஒரே குடும்பம்.

ஏறத்தாழ 1100-க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘க்யுண்ட்’ என்றால் பிறப்பு, இயல்பு, இனம். அதன் பெயரடை ‘யெக்யுண்டெ’: பிறப்போடு வந்த, இயல்பான. உறவைக் குறிக்கும் ‘கின்’ இவற்றின் பங்காளி. பெயர்ச்சொல் பிறப்பிலிருந்து இனத்துக்கும் இனத்திலிருந்து வகைக்கும் போனது. பெயரடையோ, சொந்த ரத்தத்திடம் இயல்பாகச் சுரக்கும் பரிவு என்று முதலில் பொருள் கொண்டு, 1300 வாக்கில் பொதுவான பரிவுக்கு வந்துவிட்டது. அக்காலத்தில் ‘அன்கைண்ட்’ என்றால் இயல்புக்கு மாறான என்றும் பொருள் உண்டு. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபை ஜெப நூலில் நிலத்தின் ‘கைண்ட்லி’ விளைச்சல் என்று வருவது அன்பான விளைச்சல் அல்ல, அதனதன் இயல்பில் விளைவது.

நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமே இல்லை. மாட்டுச் சந்தையில் “இது என்ன ஜாதி?” என்று கேட்டால் “உம்பளச்சேரி” என்று பதில் வரும். அங்கே ஜாதி என்பது வகை. அந்தச் சொல்லின் வடமொழி வேர் ‘ஜன்’, அதாவது பிறத்தல். ‘ஜன்’, ‘கின்’, லத்தீனின் ‘கெனுஸ்’ (இனம்) மூன்றும், வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மொழியின் ஒரே வேரில் முளைத்தவை.

காதுக்கு ஒத்துவருகிறது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. ‘குரு’வில் ஒலிக்கும் மெல்லிய ககரம் லத்தீனில் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘குடம்’ என்பதன் வல்லொலி நிற்கும். இதை 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விதியாக எழுதினார். ‘கெனுஸ்’ – ‘கின்’ போலவே ‘கிரானும்’ (தானியம்) – ‘கார்ன்’. ‘கெனு’ (முழங்கால்) – ‘நீ’. கடைசிச் சொல்லில் இன்று ஒலிக்காத முதல் எழுத்தான ‘கே’ முன்பு ஒலித்ததுதான். அதே முழங்கால் வடமொழியில் ‘ஜானு’. ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவர், அதில் இருப்பது. ஒரு சோடி தற்செயலாக அமையலாம், வரிசையாக அமையாது.

‘கனிவு’தான் ‘கைண்ட்’ ஆயிற்று என்று யாரேனும் சொன்னால் இந்தச் சோதனையில் அது நிற்காது. இன்றைய ஒலியை இன்றைய ஒலியோடு ஒப்பிடுவதே முதல் பிழை. பழைய வடிவத்துக்குப் போனால் பிறப்பும் குலமும்தான் கிடைக்கின்றன, பழுத்தல் எங்கும் இல்லை. ஆங்கிலத்தின் பழைய உறவு மொழியான கோதிக்கில் 4-ஆம் நூற்றாண்டில் வந்த பைபிளில் ‘குனி’ என்றால் குலம், பழம் அல்ல!

வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. ‘இன் கைண்ட்’ என்ற தொடரைக் ‘கருணையோடு’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். அறுப்புக் கூலியைக் காசாகத் தராமல் மரக்காலால் நெல்லாக அளந்தார்களே, அதுதான் ‘இன் கைண்ட்’. பணம் அல்லாத விளைபொருள் என்ற பொருளில் 17-ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. கூலி அளந்தவர் கருணையாளரா இல்லையா என்பது வேறு வழக்கு. ‘மேன்கைண்ட்’ என்பதும் அன்புள்ள மனிதன் அல்ல, மனித இனம்.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல். ‘கைண்ட்’ என்று படித்துவிட்டு உறவினரைக் குறிக்கும் சொல்லைக் ‘கைண்ட்ரட்’ என்கிறார்கள். அது ‘கின்ட்ரட்’. ‘கைண்ட்’, ‘சைல்ட்’ போன்ற சொற்களில் ‘ண்ட்’, ‘ல்ட்’ என்று சேர்ந்த மெய்களுக்கு முன்னிருந்த இகரம் நீண்டு, பின்னர் ‘ஐ’ ஆயிற்று. ‘கின்ட்ரட்’ நேரே ‘கின்’னிலிருந்து வந்தது, அதன் நடுவிலுள்ள ‘ட்’ பின்னர் நுழைந்தது; அதனால் இகரம் நீளவில்லை. ‘சில்ட்ரன்’ என்பதிலோ மூன்றாவது மெய்யும் ஒட்டியதால் நீளவில்லை. ‘கின்டர்கார்ட்டன்’ மட்டும் இந்தக் கணக்கில் வராது. குழந்தையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைக் கொண்டு 1840-இல் ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் வைத்த பெயர் அது. வேர் மட்டும் இதே வேர்தான்.

அடுத்த பட்டியலில் ‘ஜென்டில்’, ‘ஜெனரஸ்’ வருமானால் அவற்றையும் இந்த வேரின் கீழேயே போடலாம். முன்னது ஒரே குலத்தார் என்பதிலிருந்தும் பின்னது உயர்குடிப் பிறப்பு என்பதிலிருந்தும் பரிவுக்கும் தாராளத்துக்கும் வந்தவை. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததால் கிரிம் சொன்ன மாற்றம் இவற்றைத் தொடவில்லை. அதனால்தான் ‘கின்’னில் உள்ள வல்லொலி இவற்றில் இல்லாமல் ‘ஜ’ ஒலிக்கிறது.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.