வாரம் ஒரு ரப்பர்: தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் மகன் நான்காம் வகுப்பில் படித்தபோது வாரம் ஒரு ரப்பர் தீர்ந்தது. எழுதுவான், அழிப்பான், தாள் கிழியும்வரை மீண்டும் எழுதுவான். வகுப்பில் முட்டிபோட வைத்தார்கள். வீட்டில் நானும் அடித்தேன். அது ஓசிடி (OCD) என்கிற எண்ணச் சுழற்சி நோய், வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் நோய் என்று தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்நோய் என்றதும் ஓயாமல் கைகழுவும் பெரியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். உண்மையில் இது பெரும்பாலும் இரண்டு பருவங்களில் தலைகாட்டுகிறது: பத்து வயதையொட்டி ஒன்று, இருபதுகளின் தொடக்கத்தில் மற்றொன்று. சிறுவயதில் வருவோரில் ஆண்பிள்ளைகள் அதிகம். கண்சிமிட்டல், தோள்குலுக்கல் போன்ற அடக்க முடியாத அசைவுகளும் சேர்ந்துகொள்வதுண்டு. என் மகன் கண் சிமிட்டியதற்கு நாங்கள் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இருபத்திரண்டு வயதுக்காரர் பூட்டைப் பத்தாவது முறை இழுத்துப் பார்க்கும்போதே, இது தேவையில்லாதது என்று பெரும்பாலும் அறிந்திருப்பார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நோய் என்றே தெரியாது. ஏன் அழிக்கிறாய் என்று கேட்டால், "சரியாக வரவில்லை" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. எழுத்து கோணினால் அம்மா செத்துப்போய்விடுவாள் என்று பயந்ததை, என் மகன் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னான். அந்தப் பயத்தோடுதான் முட்டிபோட்டிருக்கிறான்.

கிழிந்த தாள், பாதியில் நின்ற தேர்வு, கழிப்பறையில் அரைமணி நேரம், "சரிதானே மிஸ்?" என்று ஏழெட்டு முறை கேட்பது: இவை தொடர்ந்தால், தண்டிக்காமல் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணையாவது கொடுங்கள். ஒவ்வொரு முறையும் "சரிதான்" என்று தேற்றுவது இரக்கமாகத் தோன்றும்; நோய்க்கு அதுவே தீனி. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சிகிச்சை இருக்கிறது. பயத்தை எதிர்கொண்டு, அழிக்காமலும் கழுவாமலும் தாக்குப்பிடிக்கப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். 7 முதல் 17 வயதுவரையுள்ள 112 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் பெருமளவு விலகியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 28 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது.

ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியை, மருத்துவர் சொன்னபடி, பிழை இருந்தாலும் அழிக்காமல் எழுதினால் கையொப்பமிடுவதாகச் சொன்னார். முதல் நாள் மூன்று வரி எழுதினான். அவர் கையொப்பமிட்ட அந்த நோட்டை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்