பொங்கல் விடுமுறைக்குப் பின் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்புகள் வழக்கம்போல் நடக்கின்றன. அரையாண்டுத் தேர்வை மாணவர்கள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். தடகளப் போட்டியிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். ஆண்டு விழாத் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விடுமுறைக்கு முன் கொடுத்தனுப்பிய அரையாண்டு விடைத்தாள்களை உங்கள் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கேட்டால் வகுப்புக்கு வகுப்பு ஒரே பதில்: "போகியில எரிஞ்சுடுச்சு சார்." குறைந்த மதிப்பெண் தாள்களை மட்டும் நெருப்பு எப்படித் தேடிப் பிடித்தது என்று கணக்கு ஆசிரியர் கேட்கிறார். "பழையன கழிதலும்னு நீங்கதானே சார் நடத்தினீங்க" என்று தமிழாசிரியரிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். இதோடு நின்றிருந்தால் நாங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பன்னிரண்டாம் வகுப்பில் இருவரது வேதியியல் ரெக்கார்டு நோட்டும் அதே குவியலில் போய்விட்டது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று பதில் கிடைத்ததாம். அவர் பட்ட பாடு எங்கள் வேதியியல் ஆசிரியருக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 'எங்கள் வீட்டுப் போகி' என்று ஆறாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். எரித்ததையெல்லாம் பிள்ளைகள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்: சைக்கிள் டயர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, போன வருடத்து ஷூ, கிழிந்த புத்தகப் பை. விடுமுறை முடிந்து வந்தவர்களில் இருமலோடு வந்தவர்கள் கணிசம். ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைகளின் பாடு சொல்லவே வேண்டாம்.

போகி கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்கழியின் கடைசி நாளில், விடியுமுன் எழுந்து மேளம் தட்டும் சந்தோஷத்தைப் பிள்ளைகளிடமிருந்து யாரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் நம் பாட்டிமார் வாசலில் போட்டு எரித்தது கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், பிய்ந்த ஓலைக் கூடை. எல்லாம் புல்லும் மூங்கிலும் பனையோலையும். இன்று பாயே பிளாஸ்டிக் ஆகிவிட்டது. அதை எரித்தால் வரும் கரும்புகையில் டையாக்சின் போன்ற நச்சு கலந்திருக்கும். 2018 போகியன்று பனிமூட்டமும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கொங்குப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்கள் அன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறார்கள். பார்க்கவும் அழகு, புகையும் இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு நோட்டை எரித்தவர்கள் முழுவதையும் திரும்ப எழுதித்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிக் கொடுத்தது செல்லாது. கையெழுத்து எங்களுக்குத் தெரியும். விடைத்தாள் இல்லாதவர்களின் பெற்றோரில் ஒருவர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரை நேரில் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் பள்ளியில் பத்திரமாக இருக்கிறது, அது எந்தப் போகியிலும் எரியாது. அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். எந்தப் பாடத்துக்குப் பயந்து தாளை நெருப்பில் போட்டான் என்று பொறுமையாகக் கேளுங்கள், அது எங்களுக்கும் தெரிய வேண்டும்.

அடுத்த முறை, பரணிலிருந்து இறக்கியதை வாசலுக்குக் கொண்டுபோகுமுன் பெரியவர் ஒருவர் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பழைய நோட்டுகளைப் பேப்பர் கடையில் போடலாம். டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எல்லாவற்றையும் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுத்துவிடலாம். போடக்கூடிய நிலையில் உள்ள சீருடையும் ஷூவும் இருந்தால் பள்ளிக்கே கொடுத்தனுப்புங்கள், தேவைப்படும் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள்.

குவியலிலிருந்து பேரனின் சமூக அறிவியல் புத்தகத்தை இழுத்து எடுத்து, ஓரம் கருகியிருந்தாலும் அட்டை போட்டு அனுப்பிய பாட்டிக்குத் தனியாக ஒரு நன்றி. வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்து எங்களோடு துணை நிற்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்