பந்தலில் மைக் பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் தொண்டூழியர் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை, பந்தல்கள் நின்ற ஜாலான் உத்தாமா சாலையில் கிடக்கும் குப்பையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "கூட்டம் சேர்ந்தா நம்ம ஆளுங்களுக்குப் புத்தி போயிடும்." 1895-இல் குஸ்தாவ் லெ போன் என்ற பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1980-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் ஆராய்ந்தார். கூட்டம் போலீசாரைத் தாக்கியது. குடியிருப்பு வீடுகளை விட்டுவைத்தது. இடையில் போக்குவரத்தைக்கூடச் சீர்செய்தது. புத்தி போகவில்லை. 'நான்' என்பது 'நாம்' ஆகிறது. 'நம்மவர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்' என்பதைக் கண் தேடுகிறது, கை அதையே செய்கிறது.

நம் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். காவடி வருகிறது என்றால் அத்தனை நெரிசலிலும் நொடியில் வழி பிறக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அதற்கு அபராதப் பலகையும் தேவைப்படவில்லை. அதே பக்தர்தான் கீழே வந்து, சிரப் குடித்த கோப்பையைச் சாலையோரம் போடுகிறார். இரண்டு இடத்திலும் அவர் செய்வது ஒன்றுதான்: மற்றவர்களைப் பார்த்துச் செய்கிறார்.

ஆகவே முதல் கோரிக்கை மைக்கைப் பற்றியது. "எத்தனை முறை சொன்னாலும் எல்லாரும் குப்பையைக் கீழேதான் போடுறீங்க" என்ற அறிவிப்பை நிறுத்துங்கள். அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்னும் தேசியப் பூங்காவில் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப்போவது வழக்கம். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் வைத்து, இரண்டு வகைப் பலகைகளைச் சோதித்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காடு மாறிவருகிறது' என்ற பலகை இருந்தபோது 7.92 விழுக்காட்டுத் துண்டுகள் களவு போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் இருந்தபோது 1.67 விழுக்காடு. கண்டிப்பதாக நினைத்து எழுதிய பலகை, 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்று விளம்பரம் செய்திருக்கிறது. நம் மைக்கும் வருடந்தோறும் அந்த வேலையைத்தான், உச்ச ஒலியில், செய்துகொண்டிருக்கிறது.

பதிலுக்கு என்ன சொல்வது? பொய் வேண்டாம், கண்ணெதிரே நடப்பதைச் சொல்லுங்கள். "நீல ஜிப்பா தம்பி கோப்பையைத் தொட்டியில போட்டாரு, நன்றி தம்பி." இப்படிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு வாக்கியம் போதும். அறிவுரையாக நீளும் அறிவிப்பைப் பாட்டு இடைவேளையாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனித் தரை. 1990-இல் சியால்டினி குழுவினர் வெளியிட்ட இன்னொரு சோதனையில், நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியில் துண்டுத்தாள் செருகி வைத்தார்கள். தரை ஏற்கெனவே குப்பையாக இருந்தால் 32 விழுக்காட்டினர் தாளைக் கீழே போட்டார்கள். பெருக்கி வைத்திருந்தால் 14. ஆய்வாளரின் ஆள் ஒருவர் அவர்கள் கண்முன்னே தாளை வீசிப்போனபோது, குப்பைத் தரையில் அது 54 ஆக ஏறியது. சுத்தமான தரையில் 6 ஆக இறங்கியது. சுத்தமான இடத்தில் விழும் ஒற்றைத் தாள், 'இங்கே யாரும் போடுவதில்லை' என்பதைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. அதனால் இரவெல்லாம் விட்டுவிட்டு விடியற்காலை ஐம்பது பேரைக் கூட்டிப் பெருக்குவதைவிட, பந்தல் திறந்த முதல் இரண்டு மணி நேரம் நான்கு பேர் தரையை விடாமல் காப்பது மேல்.

தொட்டியைப் பந்தல் மேசைக்குப் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை. வாங்கியவர் நடந்துகொண்டே குடிக்கிறார். முதல் அரை மணி நேரம் கோப்பைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, தொட்டியை அங்கே நகர்த்துங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள், அதைக் கையால் தொட யாரும் விரும்புவதில்லை. மிச்ச பானத்தை ஊற்ற ஒரு தனி வாளி வையுங்கள், இல்லாவிட்டால் எடை தாங்காமல் பை கிழியும். முக்கால் பங்கு நிரம்பியதும் பையை மாற்றுங்கள். வழிய விட்டால் ஒருவர் கோப்பையைத் தொட்டியின் காலடியில் 'மரியாதையாக' வைப்பார். அடுத்தவருக்கு அதுவே தொட்டி.

பந்தலுக்கும் பந்தலுக்கும் இடையிலான ஒலிப் போட்டி வேறு கதை. 1971-இல் ஹென்றி தாஜ்ஃபெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மாணவர்களை இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டுப் பிரித்ததாகச் சொல்லிவிட்டு, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார்கள். அதற்கே மாணவர்கள் தங்கள் குழுவுக்குப் புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் சரி என்று பங்கிட்டார்கள். நம் பந்தல்கள் இரண்டுக்கும் பாட்டு கேட்காமல் போனாலும், பக்கத்துப் பந்தலைவிடச் சத்தம் ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். தேர் வழியில் உடைக்கும் தேங்காய் எண்ணிக்கையிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

இதற்கு விருந்து வைத்துக் கைகுலுக்க வைப்பது போதாது. 1954-இல் முசாபர் ஷெரிஃப் ஓக்லஹோமாவில் நடத்திய கோடை முகாமில், பகையான இரண்டு சிறுவர் குழுக்களை ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தபோது, சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். முகாமின் தண்ணீர் வரத்து நின்றபோதும், லாரி நகராமல் நின்றபோதும் சேர்ந்து உழைத்துத்தான் பகை தணிந்தது. பக்கத்துப் பக்கத்துப் பந்தல்கள் ஐஸ் லாரியையும் குப்பைப் பைகளையும் முதலுதவி முறையையும் பொதுவாக்குங்கள். ஒலிபெருக்கிகளைப் பக்கத்துப் பந்தலின் பக்கம் பார்க்கவிடாமல் உள்நோக்கித் திருப்புங்கள். இரண்டு பந்தல் ஆட்களும் சேர்ந்து நின்று, ஒலிக் கருவியின் உச்ச அளவை ஒட்டுநாடாவால் குறியுங்கள்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்துப் பந்தலுக்குப் போகிற இளைஞரைத் தனியே அனுப்பாதீர்கள். கோட்டின் நீளத்தை ஒப்பிடும் சாலமன் ஆஷின் சோதனையில், எல்லாரும் தவறாகச் சொன்னபோது தனித்து நின்றவர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சாய்ந்தது. உண்மை பேசும் ஒரே ஒரு துணை சேர்ந்ததும் அது வெகுவாகக் குறைந்தது. இருவராக அனுப்புங்கள்.

வெயிலில் மயங்கி விழுபவர் விஷயத்திலும், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடும் இதே கண்தான் கெடுக்கிறது. லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனையில், அறைக்குள் புகை வந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்த இருவர் கூட இருந்தபோது 10 விழுக்காட்டினர்தான். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று மைக்கில் சொன்னால் அந்த 'யாராவது' வரமாட்டார். "சிவப்புச் சட்டை அண்ணே, நீங்க 999 கூப்பிடுங்க. பச்சைச் சேலை அக்கா, நீங்க வழி விடச் சொல்லுங்க" என்று கைகாட்டிச் சொல்லுங்கள்.

அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் பந்தலுக்கு ஓர் அறிவிப்புத் தாள் கொடுங்கள். மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர்தான் அதைப் படிக்கப்போகிறார்.

இப்படிக்கு,
கூட்ட உளவியல் படித்துவரும் பினாங்குத் தொண்டூழியர்கள் சிலர்